கோப்பு எங்கே போயிற்று?

வெள்ளானூரில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் வசிப்பவர், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற தொழிலாளி. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பழைய செருப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்தார். உள்ளே நெகிழ்வட்டுகள். ஃபிளாப்பி என்று நாம் ஒரு காலத்தில் அழைத்தவை. மொத்தம் முப்பத்தொன்று.

"சார், அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் கிளாஸ் எடுத்தவர்தானே நீங்க? இதுல எங்க கம்பெனிச் சம்பளக் கணக்கு இருக்குன்னு சொல்றாங்க. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

அவர் அதைத் தேடுவதற்குக் காரணம் இருந்தது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-இன்படி மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைகளுக்கு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது என்பதால், அவர் உழைத்த ஆண்டுகள் பலவும் கணக்கில் வாரா. பிடித்தம் செய்த நிறுவனங்கள் இரண்டே. அவற்றில் பின்னதன் பணிக்காலம் எட்டு ஆண்டுகள். முன்னது 1998-இல் மூடப்பட்டது. அங்கே 1993 முதல் ஐந்தாண்டுகள் வேலை பார்த்தார். அந்தக் கணக்கிலிருந்த தொகையை அவர் எடுக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. கணக்கு எண்ணும் நினைவில் இல்லை. வேலை மாறினாலும் தொடரும் பொது எண் 2014-இல்தான் வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு தனிக் கணக்கு எண்.

நிறுவனத்தின் காகிதப் பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டது. உரிமையாளர் மறைந்த பிறகு, அவருடைய குடும்பத்தார் கொட்டகையைக் காலி செய்யும்போது இந்தப் பெட்டி கிடைத்திருக்கிறது. பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் இவர் கைக்கு வந்தது நல்லூழ்.

அன்று தொடங்கி மூன்று வாரங்கள் அந்தப் பெட்டியோடு போராடினோம். அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் எனக்குப் பழக்கமானவை. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு பயிற்சி மையத்தில் கோப்பு மேலாண்மைச் செயலியைக் கற்பித்தபோது, மாணவர்கள் என்னிடம் கேட்ட அதே கேள்விகள். அப்போது அவை தேர்வுக்கான கேள்விகள். இப்போது ஒரு குடும்பத்தின் மாத வருவாய் அவற்றின் விடைகளில் இருந்தது.

இளைய வாசகர்களுக்காகச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. 1981-இல் ஐபிஎம் நிறுவனத்தின் தனிமேசைக் கணினியோடு வந்தது டாஸ் என்னும் இயக்க அமைப்பு. அதில் சுட்டி இல்லை, படங்கள் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளைகளை ஓர் எழுத்தும் பிசகாமல் தட்டச்சு செய்ய வேண்டும். அந்தத் தொல்லையைக் குறைக்க வந்தவையே கோப்பு மேலாண்மைச் செயலிகள். 1985-இல் எக்ஸ்ட்ரீ வந்தது. 1986-இல் ஜான் சோச்சா எழுதிய நார்ட்டன் கமாண்டர் வந்தது. நீலத் திரை, நடுவே ஒரு கோடு, இருபுறமும் இரு கோப்புப் பட்டியல்கள், கீழே பத்து விசைகளின் பெயர்கள். எஃப்5-ஐ அழுத்தினால் நகல், எஃப்6 இடமாற்றம், எஃப்8 அழித்தல். 1988-இல் டாஸ் நான்காம் பதிப்போடு மைக்ரோசாஃப்ட்டே இத்தகைய செயலி ஒன்றைச் சேர்த்துத் தந்தது.

பட்டறை எழுத்தர்களும் கணக்கர்களும் கோப்புகளைப் பார்த்தது இந்தச் சாளரத்தின் வழியாகத்தான். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "நான் வைத்த பெயர் ஏன் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது?" என்பது.

டாஸ் ஒவ்வொரு கோப்புக்கும் தன் பட்டியலில் 32 பைட் இடம் மட்டுமே ஒதுக்கியது. அதில் பெயருக்கு எட்டு எழுத்துகள், வகையைக் குறிக்கும் பின்னொட்டுக்கு மூன்று. எஞ்சியதில் நாள், நேரம், அளவு, தொடக்க இடம் ஆகியவை. இந்த எட்டும் மூன்றும் கொண்ட வழக்கம், அதற்கு முந்தைய சிபி/எம் என்னும் இயக்க அமைப்பிலிருந்து வந்தது. 1997 மார்ச் மாதச் சம்பளப் பட்டியல் என்பது, ஆங்கிலத்தில் எஸ், ஏ, எல், எம், ஏ, ஆர் என்ற ஆறு எழுத்துகளாகவும் 97 என்ற எண்ணாகவும் சுருங்கியது. நீண்ட பெயர்கள் விண்டோஸ் 95-இல் தான் வந்தன. அப்போதும் அந்தக் கோப்பைப் பழைய செயலியில் பார்த்தால், பெயரின் முதல் ஆறு எழுத்துகளும் ஓர் அலைக்குறியும் ஓர் எண்ணுமே தெரியும்.

இதன் விளைவு நம் பெட்டியில் கண்கூடாகத் தெரிந்தது. பொருள் விளங்காத எட்டெழுத்துப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றின் பொருள் அந்த எழுத்தரின் நினைவிலும், வட்டின் மேல் ஒட்டிய தாளில் பேனாவால் எழுதிய "சம்பளம் 97" போன்ற குறிப்புகளிலும் மட்டுமே இருந்தது. பல வட்டுகளில் அந்தத் தாள் உதிர்ந்துவிட்டது. கோப்பின் பெயர் வேறு, அதன் பொருள் வேறு. பெயரைக் கணினி காத்துவைத்தது. பொருளைக் காத்திருக்க வேண்டியவர்கள் மனிதர்கள்.

இரண்டாவது கேள்வி, "கோப்பு இருக்கிறது, ஆனால் திறக்கவில்லையே, ஏன்?"

கோப்பு மேலாண்மைச் செயலி கோப்புகளைப் பட்டியலிடும், நகலெடுக்கும், இடம் மாற்றும். பெரும்பாலானவற்றின் உள்ளடக்கத்தைப் படித்துப் பொருள் சொல்வது அதன் வேலையன்று. அதற்கு அந்தக் கோப்பை உருவாக்கிய மென்பொருளோ, அந்த வடிவத்தை அறிந்த வேறொன்றோ வேண்டும். மூன்றெழுத்துப் பின்னொட்டு அதைத்தான் சுட்டுகிறது. எங்கள் பெட்டியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை டிபேஸ், ஃபாக்ஸ்புரோ ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் பயன்படுத்திய வடிவத்தில் இருந்தன. அது எங்கள் நற்பேறு. அந்த வடிவத்தில் கோப்பின் தலைப்பகுதியிலேயே எந்தெந்தப் பத்திகள் உள்ளன, ஒவ்வொன்றின் அகலம் எவ்வளவு என்பது எழுதப்பட்டிருக்கும். லிப்ரே ஆஃபீஸ் போன்ற இலவச மென்பொருள் இன்றும் அதைத் திறந்து அட்டவணையாகக் காட்டும்.

எல்லாருக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை. தனக்கென்று தனி வடிவம் வைத்துக்கொண்டு, நிறுவனமே மறைந்துபோன கணக்கு மென்பொருள்கள் பல உண்டு. அவற்றைத் திறக்க அதே பழைய செயலி வேண்டும். 64 பிட் விண்டோஸில் டாஸ் செயலிகள் நேரடியாக இயங்கா. டாஸ்பாக்ஸ் போன்ற போலச்செய்யும் மென்பொருள் வழியாகவோ, 1994-இல் ஜிம் ஹால் தொடங்கிய ஃப்ரீடாஸ் திட்டத்தின் வழியாகவோ அவற்றை இயக்கலாம். ஆனால் செயலியின் நகல் எங்காவது இருக்க வேண்டும். தரவை மட்டும் நகலெடுத்துவிட்டு மென்பொருள் வட்டைத் தூக்கியெறிந்தவர்கள், பெட்டகத்தை வைத்துக்கொண்டு சாவியை வீசியவர்கள்.

மூன்றாவது கேள்வி, "இவற்றில் எது கடைசி?"

பட்டியலில் ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே நாளும் நேரமும் இருக்கின்றன. அவற்றை நம்பலாமே என்று தோன்றும். எங்கள் பெட்டியில் பதினேழு கோப்புகள் 1980 ஜனவரி 1 அன்று எழுதப்பட்டதாகச் சொல்லின. அன்று டாஸே பிறக்கவில்லை! காரணம் எளியது. டாஸின் நாட்காட்டி 1980-இல் தொடங்குகிறது. கணினிக்குள் இருக்கும் கடிகார மின்கலம் தீர்ந்துவிட்டாலோ, பழைய இயந்திரங்களில் கடிகாரமே இல்லாவிட்டாலோ, கணினி விழிக்கும்போதெல்லாம் அந்த முதல் நாளில்தான் விழிக்கும். எழுத்தர் சரியான நாளைத் தட்டச்சு செய்யாமல் நுழைவு விசையை அழுத்திவிட்டால், அன்று எழுதிய எல்லாம் 1980-இன் கணக்கில் சேரும்.

கோப்பின் நாள் என்பது கணினியின் கடிகாரம் சொன்னது, அவ்வளவுதான். உண்மை நாளை உள்ளடக்கத்திலிருந்துதான் அறிய வேண்டும். சம்பளப் பட்டியலில் பஞ்சப்படி உயர்ந்த மாதத்தையும், புதிதாகச் சேர்ந்தவரின் பெயர் தோன்றும் மாதத்தையும் வைத்து அந்தப் பதினேழு கோப்புகளை வரிசைப்படுத்தினோம். அதில் அந்தத் தொழிலாளியின் நினைவு பெரிதும் உதவியது. யார் எந்தத் தீபாவளிக்குப் பிறகு வேலைக்கு வந்தார் என்பதை அவர் மறக்கவில்லை.

நான்காவது கேள்வியை நான் வகுப்பில் அழுகையோடு கேட்டிருக்கிறேன். "நகலெடுத்தேன், உள்ளே இருந்ததெல்லாம் பழையதாகிவிட்டது."

நார்ட்டன் கமாண்டரில் இரு பட்டியல்கள் இருக்கும் என்றேன் அல்லவா? எந்தப் பக்கத்தில் ஒளிர்பட்டை நிற்கிறதோ அது மூலம். எதிர்ப்பக்கம் இலக்கு. கவனக்குறைவாக வலப்பக்கத்தில் நின்றுகொண்டு எஃப்5-ஐ அழுத்தினால், சென்ற மாதக் காப்பு நகல் இந்த மாதத்து உழைப்பின் மேல் ஏறிக்கொள்ளும். அதே பெயரில் கோப்பு இருக்கிறதே, மேலெழுதலாமா என்று செயலி கேட்கும். அவசரத்தில் நாம் ஆம் என்போம். காப்பு நகல் எடுக்கும் செயலே கோப்பை அழிக்கும் செயலாக மாறுவது இப்படித்தான். மேலெழுதப்பட்டது மீள்வது மிக அரிது.

ஆகவே பழைய வட்டைக் கையிலெடுக்கும் எவருக்கும் முதல் விதி ஒன்றுதான். எழுதும் வழியை முதலில் அடைக்க வேண்டும். மூன்றரை அங்குல வட்டின் மூலையில் ஒரு சிறு நகர்தாழ் இருக்கிறது. அதை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வைத்தால் வட்டில் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குல வட்டில் இது தலைகீழ். பக்கவாட்டு வெட்டை ஒளிபுகாத தாள் ஒட்டி மூடினால்தான் பாதுகாப்பு. அதன்பின், கோப்பு கோப்பாக எடுக்காமல், முழு வட்டையும் அச்சு அசலாக ஒரு படிமமாக எடுத்து, அந்தப் படிமத்தின் நகலில் மட்டுமே வேலை செய்ய வேண்டும்.

படிமம் எடுப்பதும் எளிதாக இருக்கவில்லை. மூன்றரை அங்குல வட்டுகளுக்கு, கணினியில் செருகும் இயக்கி இணையத்தில் கிடைத்தது. ஐந்தேகால் அங்குலத்துக்கு ரிச்சி தெருவில் அலைந்து, பழுது பார்ப்பவர் ஒருவரின் பரணிலிருந்து பழைய இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கினோம். சென்னையின் ஈரக் காற்றில் நான்கு வட்டுகளில் பூஞ்சை படர்ந்திருந்தது. அப்படியே செருகினால் வட்டும் கீறும், இயக்கியின் தலையும் கெடும், அடுத்து வரும் நல்ல வட்டும் பாழாகும். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டோம். அவை இன்னும் படிக்கப்படவில்லை.

ஐந்தாவது கேள்வி, "வட்டில் இடம் இருக்கிறது, ஆனால் இடமில்லை என்கிறதே?"

டாஸில் வட்டின் முதல்நிலைப் பட்டியலுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 360 கிலோபைட் வட்டில் 112 பதிவுகள், 1.44 மெகாபைட் வட்டில் 224, வன்தட்டில் வழக்கமாக 512. அத்தனை கோப்புகள் சேர்ந்துவிட்டால், காலியிடம் எவ்வளவு இருந்தாலும் புதிய கோப்புக்கு வழியில்லை. வட்டுக்குள் கோப்புறை ஒன்றை உருவாக்கி அதில் வைத்தால் இந்த வரம்பு இல்லை. 1983-இல் வந்த டாஸ் 2.0 முதலே அந்த வசதி உண்டு. ஆனால் அதைப் பலர் அறியவில்லை.

மாதத்துக்கு ஒரு சம்பளக் கோப்பும் அதன் வரிசைக் கோப்பும் என்று இரண்டு சேர்ந்தால், 360 கிலோபைட் வட்டு ஐந்து ஆண்டுகளுக்குள் நிரம்பிவிடும். அப்போது எழுத்தர் என்ன செய்வார்? பழைய மாதங்களை அழிப்பார். எங்கள் பெட்டியின் முதன்மையான வட்டில் 1993, 1994 ஆண்டுகளின் கோப்புகள் காணவில்லை. தொழிலாளி பணியில் சேர்ந்ததற்குச் சான்றாக இருக்க வேண்டியவை அவைதாம்.

அதனால் ஆறாவது கேள்வி எழுந்தது. "அழித்ததை மீட்க முடியுமா?"

பல நேரங்களில் முடியும். டாஸ் ஒரு கோப்பை அழிக்கும்போது உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் மாற்றி, அது அழிக்கப்பட்டது என்று அடையாளமிடுகிறது. அது இருந்த இடங்களைக் காலி என்று குறித்துவைக்கிறது. வாசல் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தைச் சுரண்டிவிட்டு வீடு வாடகைக்கு என்று பலகை மாட்டுவதைப் போன்றது இது. உள்ளே சாமான்கள் அப்படியே இருக்கும். புதிதாகக் குடிவருபவர் வரும்வரைதான் அந்த வாய்ப்பு. பீட்டர் நார்ட்டன் 1982-இல் இந்த உண்மையைக் கொண்டுதான் அழித்ததை மீட்கும் செயலியை எழுதிப் புகழ் பெற்றார். 1991-இல் டாஸ் ஐந்தாம் பதிப்பிலேயே மீட்புக் கட்டளை சேர்க்கப்பட்டது. அது நம்மிடம் கேட்கும் கேள்வி வேடிக்கையானது. "இந்தக் கோப்பின் முதல் எழுத்து என்ன?" என்று கேட்கும். அது அறியாதது அந்த ஓர் எழுத்தைத்தான்.

ஒரு சிக்கல் உண்டு. கோப்பு வட்டில் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால், எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்ற சங்கிலி அழிக்கும்போதே போய்விடும். தொடர்ச்சியாக எழுதப்பட்ட சிறு கோப்புகளே முழுதாக மீளும். சம்பளக் கோப்புகள் சிறியவை. இருபத்துநான்கில் பதினொன்று மீண்டன.

மீட்பு அதோடு முடியவில்லை. பணியிலிருந்து விலகியவர்களின் பெயர்களைப் பின்வந்த மாதங்களில் எழுத்தர் நீக்கியிருந்தார். ஆனால் டிபேஸ் வடிவத்தில் ஒரு வரியை நீக்கினால், அந்த வரியின் தொடக்கத்தில் ஓர் உடுக்குறி மட்டுமே இடப்படும். கோப்பைச் சுருக்கும் தனிக் கட்டளையைக் கொடுத்தால்தான் அந்த வரி உண்மையில் போகும். இந்த எழுத்தர் அதைக் கொடுக்கவேயில்லை. நிறுவனம் மூடப்படுவதற்குச் சற்றுமுன் எழுதிய கடைசிக் கோப்பில், உடுக்குறிக்குப் பின்னே அவருடைய பெயரும், சேர்ந்த நாளும், வைப்பு நிதிக் கணக்கு எண்ணும் இருந்தன. திரையில் தன் பெயரைப் பார்த்து அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இனிஷியல் தப்பா போட்டிருக்காங்க சார்" என்றார்.

ஏழாவது கேள்வி நம் மொழிக்கே உரியது. "தமிழில் எழுதியது ஏன் இப்படிக் கிறுக்கலாகத் தெரிகிறது?"

நிறுவனம் மூடப்பட்டபோது தொழிலாளர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் தட்டச்சுப் படியும் ஒரு வட்டில் இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மட்டுமே. கணினியின் அடிப்படைக் குறியீட்டில் ஆங்கிலத்துக்கு நிலையான இடம் இருந்தது. தமிழுக்கு இல்லை. 1980-களில் மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, கனடாவில் கு. சீனிவாசனின் ஆதமி என டாஸ் காலத்திலேயே தமிழ் மென்பொருள்கள் வந்தன. ஆனால் ஒவ்வொருவரும் தமிழ் எழுத்துகளைத் தத்தமக்கு உகந்த எண்களில் அமர்த்தினர். 1991-இல் இந்திய மொழிகளுக்கான இஸ்கி தரம் வந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையடுத்து டாப், டாம் குறியீடுகளைத் தமிழக அரசு ஏற்றது. 2010-இல் ஒருங்குறியை அரசின் தரமாக அறிவித்தது. இடையில் அச்சகங்களும் அலுவலகங்களும் பாமினி, வானவில் என்று அவரவர் எழுத்துருவில் எழுதிக் குவித்தன.

பாமினி எழுத்துருவில் "அம்மா" என்று எழுதினால், கணினியின் நினைவில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே. எழுத்துரு இருந்தால் அம்மா, இல்லாவிட்டால் கிறுக்கல். கோப்பு சிதையவில்லை. எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்ற ஒரு செய்திதான் தொலைந்துவிட்டது. அடிக்கடி வரும் சொற்களைக் கொண்டு எழுத்துருவைக் கண்டுபிடித்து, இலவசமாகக் கிடைக்கும் குறியீட்டு மாற்றியின் மூலம் ஒருங்குறிக்கு மாற்றினோம். உடன்படிக்கையின் பின்னிணைப்பில் தொழிலாளர்கள் அனைவரின் பெயர்களும், அவரவர் பணிக்காலமும் இருந்தன.

ஏழு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கோப்பு என்று நாம் ஒற்றைச் சொல்லால் குறிப்பது ஒன்றன்று. பெயர், இருப்பிடம், உள்ளடக்கம், அதைப் படிக்கும் முறை என்னும் நான்கும் சேர்ந்ததே கோப்பு. இவற்றில் ஒன்று தொலைந்தாலும் மற்ற மூன்றும் பயனற்றுப் போகலாம். டாஸ் காலச் செயலி இந்த நான்கையும் பயனரின் கண்ணெதிரே வைத்தது. அதனால்தான் அத்தனை கேள்விகள் எழுந்தன. இன்றைய கைப்பேசி இவற்றை மறைத்துவிடுகிறது. கேள்விகள் எழுவதில்லை என்பதால் ஆபத்து குறைந்துவிட்டதாகப் பொருளில்லை. நம் சம்பளச் சீட்டும், வீட்டுப் பத்திரத்தின் படமும், பிள்ளையின் சான்றிதழும் எந்த இடத்தில், எந்த வடிவத்தில் இருக்கின்றன என்று கேட்டால், நம்மில் எத்தனை பேரால் விடை சொல்ல முடியும்?

கிடைத்த கோப்பு சட்டத்தின் முன் என்ன மதிப்பு பெறும் என்பதையும் கருத வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தைச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது உரிய சான்றிதழை இணைக்கச் சொல்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண் அது. எனவே ஆர்வத்தில் கோப்பைத் திறந்து, திருத்தி, சேமித்துவிட்டால் அதன் சான்று மதிப்பு கேள்விக்குள்ளாகும். படிமம் எடுத்த உடனேயே ஹாஷ் மதிப்பைக் குறித்துவைப்பதும், வட்டு யாரிடமிருந்து யார் கைக்கு எப்போது வந்தது என்பதை எழுதிவைப்பதும் இதனால்தான் இன்றியமையாதவை.

இது ஒரு தொழிலாளியின் கதை மட்டுமன்று. 1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிறந்து மறைந்த சிறு நிறுவனங்கள் ஏராளம். ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் கூட்டுறவுச் சங்கங்கள், பள்ளிகள், அச்சகங்கள் பலவும் 1990-களில் டாஸ் கணினியில் கணக்கும் கடிதமும் எழுதின. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்திய கம்பெனி காலத்துக் காகிதத்தை இன்றும் விரித்துப் படிக்கலாம். முப்பதாண்டுக்கு முந்தைய வட்டைப் படிக்க ரிச்சி தெருவில் அலைய வேண்டியிருக்கிறது. சோனி நிறுவனம் 2011-இல் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்தியது. நெகிழ்வட்டில் ஆவணம் தர வேண்டும் என்ற விதிகளை ஜப்பான் அரசு 2024-இல்தான் ஏறக்குறைய முற்றிலுமாகக் கைவிட்டது. கருவிகள் நாளுக்கு நாள் அருகி வருகின்றன.

வழி இல்லாமல் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தனர். இணைமதியில் தொடங்கி, தஸ்கிக்கு மாறி, ஒருங்குறிக்கு வந்தனர். ஒவ்வொரு மாற்றத்திலும் சேகரிப்பைப் புதிய குறியீட்டுக்குக் கொண்டுசென்றதால் அந்நூல்கள் இன்று கைப்பேசியிலும் படிக்கக் கிடைக்கின்றன. ஓலைச்சுவடிகள் பிழைத்ததும் இப்படித்தான். ஏடு மக்குமுன் புதிய ஏட்டில் படியெடுத்தவர்கள் இருந்தார்கள்.

வெள்ளானூரைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்தில் பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பூங்கா திறக்கப்பட்டிருக்கிறது. ஒரு கல்லூரி தன் ஆய்வகத்தில் ஒரு மேசையை ஒதுக்கி, இரண்டு அளவு நெகிழ்வட்டு இயக்கிகளையும் ஒரு பழைய கணினியையும் வைத்து, மாதம் ஒருநாள் பொதுமக்களின் வட்டுகளைப் படிமமெடுத்துத் தரலாம். மாணவர்களுக்கு அது எந்தப் பாடநூலும் தராத பயிற்சி. தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய எழுத்துருக்களையும் குறியீட்டு அட்டவணைகளையும் ஓரிடத்தில் தொகுத்து வைக்கலாம். நிறுவனம் ஒன்றை மூடும்போது, ஊதியப் பதிவுகளைப் படிக்கத்தக்க வடிவில் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் தர வேண்டும் என்று அரசு விதி வகுக்கலாம். பழைய கணினியை எடைக்குப் போடுமுன் அதற்குள் யாருடைய வாழ்க்கை இருக்கிறது என்று நாமும் ஒருமுறை பார்க்கலாம்.

அந்தத் தொழிலாளி, கணக்கு எண்ணோடும் உடன்படிக்கையின் படியோடும் வைப்பு நிதி அலுவலகத்தில் விண்ணப்பம் அளித்திருக்கிறார். கோப்பு மட்டுமே முடிவைத் தந்துவிடாது. அலுவலகத்தின் பதிவேட்டோடு அது ஒத்துப்போக வேண்டும். ஆனால், எந்த எண்ணைத் தேடுவது என்பதே தெரியாதிருந்தவர் கையில் இப்போது அந்த எண் இருக்கிறது. வட்டுகளை அதே செருப்புப் பெட்டியில், இம்முறை சிலிக்கா பொட்டலங்களோடு வைத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். உடன்படிக்கையில் இருந்த மற்றவர்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். அவர்களில் சிலர் இன்னும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்களாம்.